ஓடுகிற அழைப்பில் சூப்பர்வைசர் குறுக்கே புகலாமா? (அவசர அழைப்பு மைய வேலை)

இரவுமேசை எழுதியது:

வணக்கம். அவசர அழைப்பு மையம் ஒன்றில் கால் (போன் அழைப்பு) எடுக்கும் வேலையில் இருந்தேன். இந்த மாதம் ஷிப்ட் சூப்பர்வைசராக உட்கார வைத்திருக்கிறார்கள். எந்த ஊர், எந்த எண் என்று யாரும் கேட்க வேண்டாம். நேற்று வரை என்னோடு டீ குடித்தவர்களுக்கு இன்று நான் மார்க் போடுகிறேன். அதைக்கூடச் சமாளித்துவிடலாம், உறுத்துவது வேறு.

எங்கள் மேசையில் மூன்று வசதி உண்டு. ஓடுகிற அழைப்பைச் சத்தமில்லாமல் கேட்கலாம். கால் எடுப்பவர் காதில் மட்டும் விழும்படி சொல்லலாம், அதை விஸ்பர் என்கிறோம். மூன்றாவது பார்ஜ்: நேராக உள்ளே புகுந்து அழைத்தவரோடு பேசுவது. எனக்கு மேலே இருப்பவர், "சந்தேகம் வந்தா யோசிக்காம உள்ளே போ, அதுக்குத்தான் உனக்கு அந்த நாற்காலி" என்கிறார். பழைய ஆட்களோ, "ஒரு தடவை புகுந்தா போதும், அந்தப் பொண்ணு அப்புறம் உன் நிழலைப் பார்த்தாலே தடுமாறும்" என்கிறார்கள்.

கூடவே இன்னொன்று. சுவரில் பெரிய திரை இருக்கிறது. யாருடைய அழைப்பாவது இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அவர் பெயர் சிவப்பாகிவிடும். எல்லாருக்கும் கண் அங்கேதான். இந்த வேலையை எப்படிச் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

நான் இந்தத் துறை இல்லை, வெளி ஆள். ஒரு சந்தேகம். ஆம்புலன்ஸ் அனுப்புங்க என்று கதறினால் எதற்குங்க அத்தனை கேள்வி? வயசென்ன, எங்கே வலிக்குது, பேச்சு இருக்கா... முதலில் வண்டியை அனுப்பிவிட்டுக் கேட்கக் கூடாதா?

---

பழையஹெட்செட் எழுதியது:

மேட்டுத்தெரு சார், பெரும்பாலும் அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறோம். அது உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இடமும் என்ன பிரச்சினை என்பதும் கிடைத்த உடனே கேஸ் அடுத்த மேசையின் திரைக்குப் போய்விடும். அங்கே இருப்பவர் பக்கத்தில் எந்த வண்டி சும்மா நிற்கிறது என்று பார்த்து எழுப்பிக்கொண்டிருப்பார். அதற்குள் இங்கே கேட்கும் கேள்வி, வண்டி வந்து சேரும்வரை நீங்கள் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதற்காக. "வண்டி கிளம்பிடுச்சு, நான் கேக்குறதாலே தாமதம் இல்லை" என்ற ஒரே வரியை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். அதைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். சூப்பர்வைசர் பிடித்துத் திருத்தவேண்டிய முதல் விஷயம் அது.

நேரம் உண்மையில் எங்கே போகிறது தெரியுமா? முகவரியில். "மாரியம்மன் கோயில் பக்கத்துலங்க" என்பார்கள். மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? புதூர் என்பார்கள். தமிழ்நாட்டில் புதூர் இல்லாத மாவட்டமே கிடையாது. நல்லூர், மேட்டுப்பட்டி எல்லாம் அதே கதைதான். அதனால்தான் மாவட்டம், தாலுகா, அப்புறம் ஊர் என்று மேலிருந்து இறங்கிக் கேட்கச் சொல்லிக்கொடுப்போம். அழைப்பவர் வெளியூர்க்காரர், பஸ்ஸில் போகும்போது விபத்தைப் பார்த்தவர் என்றால் அவருக்கு மாவட்டமே தெரியாது. அப்போது, "எதிர்ல ஏதாச்சும் கடை இருக்கா? போர்டுல கடைசி வரியில சின்னதா என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று கேட்கவேண்டும். கடை போர்டில் ஊர்ப் பெயரும் போன் நம்பரும் இருக்கும். நான்குவழிச் சாலை என்றால் கிலோமீட்டர் கல், கடைசியாகத் தாண்டிய டோல்கேட். தெரு என்றால் மின்கம்பத்தில் பெயின்டால் எழுதிய நம்பர், இல்லாவிட்டால் ரேஷன் கடை. ஜிபிஎஸ் வந்த பிறகும் இதெல்லாம் தேவைப்படுகிறது. டவர் காட்டும் இடமும் ஆள் நிற்கும் இடமும் சில நேரம் ஊர்கள் தள்ளி இருக்கும்.

சரி, இரவுமேசை தம்பி கேட்டதற்கு வருகிறேன். நான் கட்சி எடுத்தே சொல்கிறேன்: பார்ஜ் பட்டனைத் தொடாதீர்கள். பதறிக்கொண்டு அழைப்பவர் ஒரு குரலைப் பிடித்திருக்கிறார். நடுவில் இன்னொரு குரல் வந்தால் முதலில் கேட்பது, "நீங்க யாரு? அந்தம்மா எங்கே?" என்பதுதான். பிறகு எல்லாம் முதலிலிருந்து. விஸ்பரும் ஓரளவுக்குத்தான். ஒரு காதில் அழுகை, அதே காதில் உங்கள் யோசனை என்றால் எதைக் கேட்பது? எங்கள் காலத்தில் துண்டுச்சீட்டு. அரைத்தாளில் பெரிய எழுத்தில் "மூச்சு?" என்று எழுதி அவர் கண்ணுக்கு நேரே காட்டுவேன். வாசிக்க அரை வினாடி. அவர் பேச்சு அறுபடாது. அழைத்தவருக்கு நான் இருப்பதே தெரியாது.

---

சைரன்சாமி எழுதியது:

நான் ஆம்புலன்ஸில் இஎம்டி, அதாவது வண்டியில் நோயாளிக்கு முதல் சிகிச்சை பார்ப்பவன். பழையஹெட்செட் ஐயா சொல்வது அறைக்குள் அழகாக இருக்கும். வண்டியில் உட்கார்ந்து பாருங்கள்.

தப்பான புதூருக்கு எங்களை அனுப்பினால் என்ன ஆகும்? அங்கே போய்ச் சேர்ந்து, விசாரித்து, திரும்பி வருவதற்குள் வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஆத்திரம் முழுக்க எங்கள்மேல்தான். "பார்ட்டி", அதாவது நோயாளியின் ஆட்கள், கையை ஓங்குவதும் உண்டு. வண்டி ஓட்டும் பைலட் அண்ணனின் சட்டைக் காலரை அவர்கள் பிடித்தபோது எந்த சூப்பர்வைசரும் கூட நிற்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்: தப்பு நடக்கிறது என்று காதில் விழுந்த பிறகும் துண்டுச்சீட்டு எழுதிக்கொண்டிருப்பதா? உள்ளே புகுந்து "அம்மா, எந்த மாவட்டம்?" என்று கேட்க என்ன வெட்கம்? கால் எடுப்பவர் மனசு நோகும் என்பதற்காக நோயாளி காத்திருக்கணுமா?

---

பழையஹெட்செட் எழுதியது:

சாமி, முகவரி தப்பு என்று *தெரிந்தால்* நானும் புகுவேன். விதிவிலக்கு அது. நான் சொன்னது சந்தேகத்துக்கே புகுவதைப் பற்றி. மேலதிகாரி "சந்தேகம் வந்தா" என்றுதானே சொல்லியிருக்கிறார். சந்தேகம் எனக்கு நாள் முழுக்க வரும்.

---

இரவுமேசை எழுதியது:

ஐயா, நீங்கள் சீட்டில் எழுதியது "மூச்சு?" என்றீர்கள். அதையே ஏன் உதாரணமாக எடுத்தீர்கள்? எங்கள் பயிற்சியில் மூச்சு இருக்கா என்று கேள், இருக்கு என்றால் அடுத்த கேள்விக்குப் போ என்றுதான் இருக்கிறது.

---

பழையஹெட்செட் எழுதியது:

அங்கேதான் ஆள் போகிறது தம்பி. "மூச்சு இருக்கா?" என்று கேட்டால் நம் மக்கள் "இருக்குங்க, குறட்டை மாதிரி வருது" என்பார்கள். புதுப்பிள்ளை "சரி, மூச்சு இருக்கு" என்று டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். இதயம் நின்றுபோன ஆளுக்கு முதல் சில நிமிடம் அப்படி ஒரு இழுப்பு வரும். விட்டு விட்டு, மீன் வாயைத் திறப்பதுபோல. அது மூச்சே இல்லை. கேட்கவேண்டிய கேள்வி இரண்டு: கூப்பிட்டால் முழிக்கிறாரா? மூச்சு எப்போதும்போல் சீராக இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அமுக்கச் சொல்லவேண்டும்.

ஒரு முறை மருமகள்தான் அழைத்தார். "மாமா குறட்டை விட்டுத் தூங்குறாரு, எழுப்பினா எழலை." கால் எடுத்த பெண் மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சீட்டைக் காட்டினேன். "அம்மா, போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் வாய்கிட்ட வைங்க" என்று அவளே கேட்டாள். ஒரு இழுப்பு கேட்டது. அடுத்ததற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. சட்டென்று புரிந்துகொண்டு, "கட்டில்லேர்ந்து தரைக்கு இறக்குங்க, யார் இருக்கா கூட?" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் புகுந்திருந்தால் அந்தக் கேள்வி அவளுடையதாக இருந்திருக்காது. அடுத்த குறட்டையை அவள் தானாகப் பிடித்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

---

டெக்ஸாஸ்தமிழன் எழுதியது:

நல்ல இழை. நான் அமெரிக்காவில் ஒரு கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) 911 அவசர அழைப்பு மையத்தில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊரே வேறு, வேலை அப்படியே ஒன்று.

இங்கே கேள்விகள் அட்டையில் எழுதியபடி வரும். 1970களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தது. அதற்கு முன்பு போனை எடுத்தவர் முகவரியை வாங்கி வண்டியை அனுப்புவதோடு சரி. வண்டி வரும்வரை என்ன செய்யவேண்டும் என்று போனிலேயே சொல்லலாம் என்பதை ஒரு முறையாக ஆக்கியது அவர். நெஞ்சை அமுக்கச் சொல்வதில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால், அந்த நெஞ்சு அமுக்கல் (சிபிஆர்) இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. வண்டி எவ்வளவு பறந்து வந்தாலும் அந்த முதல் நிமிடங்களில் அங்கே இருப்பது அழைத்தவரின் கை மட்டும்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். நாங்கள் போனிலேயே கூட எண்ணுவோம். தமிழில் எண்ணினால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" அந்த வேகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, வீட்டில் எண்ணிப் பாருங்கள்.

பார்ஜ் விஷயத்தில் நான் ஐயா பக்கம், ஆனால் காரணம் வேறு. சூப்பர்வைசர் ஒரு அழைப்புக்குள் புகுந்துவிட்டால் மீதி அறையை யார் பார்ப்பது? நான் ஒரு லைனில் சிக்கிக்கொண்டால் வேறு எட்டு லைனில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆள் பற்றாக்குறையில் நானே ஹெட்செட் மாட்டிக்கொள்ளும் இரவுகள் இங்கே சாதாரணம். அந்த இரவுகளில் சூப்பர்வைசர் என்று ஒருவர் பெயருக்குத்தான் இருக்கிறார்.

போகிற போக்கில் ஒரு வயிற்றெரிச்சல். அமெரிக்க அரசின் 2018 தொழில் வகைப்பாட்டில்கூட எங்களை அலுவலக உதவிப் பணியாளர் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். போலீஸ், தீயணைப்புக்காரர் எல்லாம் பாதுகாப்புப் பணி. நாங்கள் டைப்பிஸ்ட் வரிசை.

---

எக்செல்ராஜா எழுதியது:

இரவுமேசை, பெயர் சிவப்பாகும் அந்தத் திரையைக் குறையாகச் சொல்கிறீர்கள். நான் பிபிஓவில் ஆள் கணக்குப் போடும் வேலை. ஒரு எளிய கேள்வி. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் பேசினால் பதினோராவது அழைப்பை யார் எடுப்பது? அந்த ஆளுக்கும் மாரடைப்பாக இருக்கலாமே. நேரத்தை அளக்காமல் மையம் நடத்த முடியாது. சிவப்பு நிறம் யாரையும் அவமானப்படுத்த வைத்தது இல்லை, அது ஒரு எச்சரிக்கை.

அப்புறம் பேசாத அழைப்புகள். எடுத்தால் சத்தமே இருக்காது. அதையெல்லாம் பத்து வினாடியில் வைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

---

டெக்ஸாஸ்தமிழன் எழுதியது:

ராஜா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. நாங்களும் அளக்கிறோம். ஆனால் எதை? அழைப்பு மணி அடித்ததிலிருந்து எடுக்கும்வரை உள்ள நேரத்தை. இங்கே நெனா என்ற தேசிய அவசர எண் சங்கத்தின் அளவுகோல், 90 சதவீத அழைப்புகளை 15 வினாடிக்குள் எடுக்கவேண்டும், 95 சதவீதத்தை 20 வினாடிக்குள். அடுத்து, எடுத்ததிலிருந்து வண்டிக்குத் தகவல் போகும்வரை. அதற்குப் பிறகு பேசும் நேரம் அழைத்தவருடையது. அதற்கு ஸ்டாப்வாட்ச் வைத்தால், நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும் மகனிடம் "வண்டி வருது, வெச்சுடுறேன்" என்று சொல்லத்தான் தோன்றும். பதினோராவது ஆளுக்கு விடை பதினோராவது நாற்காலிதான். பத்துப் பேரை அவசரப்படுத்தினால் அது கிடைக்காது.

---

பழையஹெட்செட் எழுதியது:

பேசாத அழைப்பை வைத்துவிடலாம் என்றாரே ராஜா தம்பி, அதற்கு மட்டும் நான் சண்டைக்கே வருவேன்.

ஆமாம், அதில் பெரும்பகுதி குழந்தை விளையாட்டு, பாக்கெட்டில் அமுங்கியது. இந்தியாவில் பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தாலே அவசர அழைப்பு போகும்படி வைத்திருக்கிறார்கள். டச் போனில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் போகும். பிரிட்டனில் 2023இல் ஆண்ட்ராய்டில் இதே வசதி வந்தபோது வெற்று அழைப்புகள் குவிந்து போலீஸே அறிக்கை விட்டது. ஆனால் அந்த வசதி எதற்காக வைத்தது? பேச முடியாதவர்களுக்காக. பக்கத்து அறையில் அடிப்பவன் நிற்கும்போது ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? பிரிட்டனில் மொபைலில் அவசர எண் 999 அடித்துவிட்டுப் பேச முடியாவிட்டால் 55 அழுத்தச் சொல்வார்கள், அழைப்பு போலீஸுக்கு மாறும். எனக்குத் தெரிந்த கைமுறை: "பேச முடியலைன்னா போனை ஒரு தடவை தட்டுங்க." தட்டினால் ஆமா, இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேள்வி கேட்டுக்கொண்டே போகவேண்டும். பத்து வினாடியில் இதெல்லாம் நடக்காது. சிம் இல்லாத போனிலிருந்து வந்த அழைப்பு என்றால் வைத்த பிறகு திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை.

திரையில் பெயர் சிவப்பானால் முதலில் அறுபடுவது இந்த அழைப்புகள்தான். அதனால்தான் எனக்கு அந்தத் திரை ஆகாது.

---

எக்செல்ராஜா எழுதியது:

சரி, பேசாத அழைப்பு பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சிவப்பைப் பற்றிச் சொன்னதை வாங்கவில்லை :)

---

கொக்குவில்யாழினி எழுதியது:

நான் யாழ்ப்பாணம். ஒரு ஆஸ்பத்திரியின் அவசர மேசையில் வேலை. ஆம்புலன்ஸ் அழைப்பு மையம் இல்லை, ஆனால் அவையளோட தினமும் கதைக்கிற இடம்.

இங்கை 1990 எண்ட எண்ணுக்கு அடிச்சால் வாற சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் தெற்கிலும் மேல் மாகாணத்திலும் தொடங்கினது. இந்தியா குடுத்த நன்கொடையில் வந்தது, உங்கட 108 நடத்தின ஆக்கள்தான் முதலில் நடத்தினவை. வடக்குக்கு வர 2018 ஜூலை ஆயிற்று. அதுக்கு முந்தி வருத்தம் எண்டால் முச்சக்கரவண்டிதான், இல்லாட்டி ஆரும் தெரிஞ்ச ஆக்களின்ர வான்.

நீங்கள் மாரியம்மன் கோயில் எண்டு சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு வைரவர் கோயிலடி. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு வைரவர். ஆனால் எங்களுக்கு இன்னொரு சிக்கல் மொழி. பதட்டத்தில் ஆரும் இரண்டாம் மொழியில் கதைக்கேலாது. நாட்டுக்கே ஒரு எண் எண்டால், அழைக்கிறவர் தமிழில் கத்த, எடுக்கிறவருக்குச் சிங்களம் மட்டும் விளங்கினால் என்ன செய்யிறது? அண்ணா, உங்கட கேள்விக்கு என்ர பதில் இதுதான்: சூப்பர்வைசரின்ர பெரிய வேலை அழைப்புக்கு முந்தியே முடிஞ்சுபோகுது. விடிய மூண்டு மணிக்கு அந்த அறையில் தமிழ் கதைக்கிற ஆள் கதிரையில் இருக்கிறாரா, தேத்தண்ணிக்குப் போயிட்டாரா எண்டு பாக்கிறது. அந்த ஒழுங்கு சரியாய் இருந்தால் பார்ஜ் எண்ட கேள்வியே குறைவாய்த்தான் வரும்.

---

சைரன்சாமி எழுதியது:

யாழினி அக்கா சொன்னது சரி. எங்கள் பக்கமும் எல்லையோர மாவட்டங்களில் தெலுங்கு, கன்னடம், மலையாளம். கட்டடவேலை நடக்கும் இடமெல்லாம் இந்தி. மேஸ்திரி பக்கத்தில் இல்லையென்றால் இடம் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்னொன்று கேட்கவேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தால் கடந்துபோகிற ஒவ்வொரு காரில் இருந்தும் அழைப்பு வரும். மூன்றாவது அழைப்பிலிருந்தே உங்கள் ஆட்கள் "அதுக்கு வண்டி போயிருக்கு சார்" என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு ராத்திரி நாங்கள் ஒரு விபத்தில் இருந்தோம். அதே சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி, வேடிக்கை பார்க்க பிரேக் போட்ட லாரியில் பைக்கில் வந்த ஒரு பையன் மோதிக் கிடந்தான். அது தனி அழைப்பாக வந்திருக்கிறது. எங்கள் விபத்துதான் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் திரும்பும்போது கண்ணில் பட்டதால் ஏற்றினோம். இதை யார் பார்க்கணும்? கால் எடுப்பவர் ஒருவருக்கும் முழுப்படம் தெரியாது. சூப்பர்வைசருக்குத்தானே தெரியும்?

---

டெக்ஸாஸ்தமிழன் எழுதியது:

சாமி, நூற்றுக்கு நூறு. அழைப்பு குவியும்போது ஒரே ஒரு கேள்வி கட்டாயம்: "நீங்க எந்தப் பக்கம் போற ரோட்டுல இருக்கீங்க, கண்ணுக்கு என்ன வண்டி தெரியுது?" பஸ் என்று ஒன்பது பேர் சொல்லி, பத்தாவது ஆள் பைக் என்றால் அது புதுக் கேஸ். இதை அறைக்கே சத்தமாக அறிவிப்பது சூப்பர்வைசர் வேலை.

இதற்கு நேர்மாறான இன்னொன்றும் உண்டு. அறை அமைதியாக இருந்தால் நான் பயப்படுவேன். 2014 ஏப்ரலில் கொலராடோவில் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஒரு மையத்தின் மென்பொருளில், ஒவ்வொரு அழைப்புக்கும் எண் போடும் கவுன்டர் அதற்கு வைத்திருந்த உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. ஏழு மாநிலங்களில் 81 அழைப்பு மையங்கள் பாதிக்கப்பட்டன, வாஷிங்டன் மாநிலம் முழுக்க அதில் அடக்கம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் 6,600க்கு மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரு நிம்மதியான ராத்திரி மாதிரித்தான் தெரிந்திருக்கும். அதிலிருந்து நான், கொஞ்ச நேரம் ஒரு அழைப்பும் வராவிட்டால் என் சொந்த மொபைலில் இருந்து சோதனை அழைப்பு போட்டுப் பார்க்கிறேன். பக்கத்து கவுன்டிக்கும் போன் போட்டு, "உங்களுக்கு வருதா?" என்று கேட்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

---

இரவுமேசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இன்னொன்று கேட்டுவிடுகிறேன். போன வாரம் எங்கள் அறையில் ஒரு பெண், கிணற்றில் விழுந்த குழந்தை கேஸ் எடுத்தாள். வண்டி போய்ச் சேர்ந்ததும் லைன் கட் ஆனது. அவள் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டாள். "பரவாயில்லையா?" என்று கேட்டேன், "பரவாயில்லைங்க" என்றாள். ஷிப்ட் முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. நான் விசாரித்துச் சொல்லலாமா, கூடாதா?

---

பழையஹெட்செட் எழுதியது:

முதலில் "பரவாயில்லையா" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்த மாதிரி அழைப்பு முடிந்ததும் பக்கத்தில் போய், "ஹெட்செட்டைக் கழட்டு, லைனை நான் எடுக்கிறேன், போய் முகம் கழுவிட்டு வா" என்று சொல்லுங்கள். கேள்வியாகக் கேட்கவேண்டாம், சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசர் ஹெட்செட் மாட்டவேண்டிய நேரம் அது. பார்ஜ் பட்டனுக்கு இல்லாத நியாயம் இதற்கு உண்டு.

முடிவைச் சொல்வது பற்றி: நான் சொல்லுவேன், ஆனால் கேட்டுவிட்டு. "தெரிஞ்சுக்கணுமா?" என்று அடுத்த நாள் கேட்பேன். சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டும் என்பவர்களுக்கு, கெட்ட செய்தியானாலும் தெரியாமல் கிடப்பதைவிட மேல் என்று தோன்றும். பெயர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். பிழைத்ததா இல்லையா, அவ்வளவு போதும்.

---

சைரன்சாமி எழுதியது:

இதில் நான் ஐயாவோடு ஒத்துப்போகவில்லை. முடிவைக் கேட்க எங்களுக்குத்தானே போன் வரும்? நாங்களும் அந்தக் கேஸை மறக்கத்தான் பார்க்கிறோம். குழந்தை கேஸ் முடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது "என்னாச்சு அண்ணே?" என்று ஒரு குரல் வந்தால், அதை வாயால் இன்னொரு முறை சொல்லணும். கேட்பதாக இருந்தால் எங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள், எங்களிடம் வேண்டாம்.

ஆனால் நல்லபடியாக முடிந்தால் நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம். சிபிஆர் சொல்லிக்கொடுத்த அந்தக் குரல் யாருடையது என்று நாங்களும்தான் விசாரிப்போம்.

---

கொக்குவில்யாழினி எழுதியது:

சாமி அண்ணா சொல்லுறது விளங்குது. எங்கட மேசையில் ஒரு வழக்கம் இருக்கு: ஒரு கொப்பியில் கேஸ் இலக்கமும் ஒரு சொல்லும் மட்டும் எழுதி வைப்பம். "வீட்டை" எண்டால் சுகமாய் வீட்டை போயிட்டினம். அறிய விருப்பமானவை தாங்களே திறந்து பாக்கலாம், ஆரும் ஆரையும் கேக்கத் தேவையில்லை.

---

இரவுமேசை எழுதியது:

யாழினி அக்கா, அந்த நோட்டு யோசனையை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் மேனேஜர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது, ஆனால் ஒரு நோட்டு வாங்க அவர் கையெழுத்து வேண்டியதில்லை.

திரையை எடுக்கச் சொன்னால் நடக்காது. அதனால் வேறு மாதிரிக் கேட்கப்போகிறேன்: சிவப்பு எரியும் கணக்கை வண்டி ஒதுக்கும்வரை மட்டும் வைக்கச் சொல்லி, அதற்கு மேல் ஓடும் நேரத்தை எனக்கு மட்டும் காட்டச் சொல்வேன். எக்செல்ராஜா சார், அதற்கு ஒரு கணக்குத் தாள் போட்டுத் தர முடியுமா? எண்கள் இருந்தால் மேலே இருப்பவர் கொஞ்சம் காது கொடுப்பார். பார்ஜ்... முகவரி தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மற்றதற்கு ஒரு கட்டு வெள்ளைத்தாளும் தடிப் பேனாவும் மேசையில் வைத்துவிட்டேன்.

இப்போதைய தலைவலி தீபாவளி. பாதிப் பேர் லீவு கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஊருக்குப் போகும் முந்தைய நாள் ராத்திரி விபத்து, அன்றைக்குத் தீக்காயம். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது?

---

எக்செல்ராஜா எழுதியது:

தாள் போட்டுத் தருகிறேன். ஒரு மாதத்து அழைப்பு நேரங்களை, ஆள் பெயர் இல்லாமல், மணிவாரியாக அனுப்புங்கள். வண்டி ஒதுக்கும்வரை உள்ள நேரத்தைத் தனிக் கட்டமாகப் பிரித்துக் காட்டுகிறேன். சிவப்பு அங்கே எரியட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

தீபாவளிக்கு: போன வருஷத் தீபாவளியின் மணிவாரி எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். உச்ச நேரம் எது என்று தெரிந்தால் முழுநாள் லீவுக்குப் பதிலாக எட்டு மணி நேர ஷிப்டை நாலு நாலு மணி நேரமாக வெட்டலாம். உள்ளூர்க்காரர்களுக்குக் காலை எண்ணெய்க் குளியல் முடித்துவிட்டு வரும்படி போடுங்கள். வெளியூர்க்காரர்களில் போன வருஷம் யார் இருந்தார்களோ அவர்களுக்கு முதலில் லீவு.

---

பழையஹெட்செட் எழுதியது:

அதோடு அன்றைக்கு ராத்திரி நீங்கள் இருக்கிறீர்கள் என்று பட்டியலின் முதல் வரியில் உங்கள் பெயரைப் போடுங்கள். பாதி லீவு விண்ணப்பம் தானாகத் திரும்பிப் போகும். கேன்டீன் அன்றைக்கு மூடியிருக்கும், சாப்பாட்டுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.